பாதையில்லா மலை: எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் வடக்கே, கெய்த்னஸில் உள்ள மோர்வன் மலை ஏறப்போகிறோம். உயரம் 706 மீட்டர்தான். ஆனால் வரைபடத்தில் உச்சிவரை பாதையே இல்லை. நான்கு மணி நேரம் போதுமா? போனில் ஜிபிஎஸ் இருக்கிறது.

பதில்: போதாது. நான்கு மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதிப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நடை தொடங்கும் பிரேமோரிலிருந்து போய்வர சுமார் 16 கி.மீ. என்பதால் நாலேகால் மணி வரும். அது நல்ல தரைக்கான கணக்கு. இங்கே ஏழெட்டு மணி வையுங்கள். சூரியன் 7 மணியளவில் மறைந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

வழியில் பெரிடேல் ஆற்றோரம் இருக்கும் கோரிகோய்க் வீடு வரை வண்டித்தடம் உண்டு. அதற்கப்புறம்தான் சோதனை. முழங்கால் உயர ஹெதர் புதர், குண்டுகுண்டான புல்திட்டு, நடுவே பீட் எனும் ஈரமான கரிமண்ணில் மழை அறுத்த பள்ளங்கள். பள்ளத்துக்குள் இறங்கி ஏறியே கால் சோர்ந்துவிடும். சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம்தான். பளீரென்ற பச்சைப் பாசி தெரிந்தால் மிதிக்காதீர்கள், அடியில் தண்ணீர். மான் தடம் கிடைத்தால் தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மானுக்கு உச்சியில் வேலையில்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

வானம் தெளிந்தால் மோர்வனின் கூம்பு எங்கிருந்தும் கண்ணில் படும். மேகம் இறங்கினால் பத்தடி தெரியாது. போன் உதவும், ஆனால் குளிரிலும் மழையிலும் கைவிடக்கூடியது. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். திரும்பும்போது கோரிகோய்க் வீட்டை நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் மேற்கே தள்ளி பெரிடேல் ஆற்றைத் தொடுங்கள். பிறகு வலப்பக்கம் திரும்பி நீரோட்டத்தோடு வந்தால் வீடு தப்பாது. நேராகக் குறிவைத்துத் தவறினால், இடமா வலமா என்றே தெரியாது.

நடக்கும் உரிமையை 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகிறது. ஆனால் செப்டம்பர் கடைசி ஆண்மான் வேட்டைக் காலம். எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று அந்த நிலத்தை நிர்வகிக்கும் எஸ்டேட்டில் முன்பே கேளுங்கள். மாலையில் உடம்பில் உண்ணி தேடிப் பாருங்கள், லைம் நோயைப் பரப்பும். ஆபத்தில், சிக்னல் மெலிந்த இடத்தில் அவசர எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு வீட்டிலிருந்தே போனைப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.