விட்டுவிடுவது என்றால் எப்படி?

கேள்வி: வேலை போய்விட்டது, அம்மாவும் படுத்த படுக்கை. எல்லோரும் 'கடவுளிடம் விட்டுவிடு' என்கிறார்கள். எப்படி விடுவது?

பதில்: இதுவரை நீங்கள் தாங்கியதே பெரிய விஷயம். சரணாகதியை விளக்க வைணவத்தில் இரண்டு குட்டிகளைச் சொல்வார்கள்: குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிப் போகும். எது சரி என்று வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் பெரிய விவாதமே உண்டு. என்னைக் கேட்டால் ஒரே நாளில் இரண்டாகவும் இருக்கலாம். பகலில் வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள், அம்மாவுக்கு வேளைக்கு மருந்து கொடுங்கள், அது உங்கள் பிடி. அப்புறம் இரவில், பதில் வருமா, அம்மா எழுந்து நடப்பாரா என்று மனம் சுழலும்போது, 'இது என் கையில் இல்லை, நீ பார்த்துக்கொள்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அடக்க வேண்டாம். காலையில் கவலை திரும்ப வரும். வரட்டும், மறுபடியும் ஒப்படையுங்கள்.