அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா, கூடாதா?

“குவாண்டிட்டி சர்வேயிங் முடித்துவிட்டு கட்டார், டுபாய் என்று வேலை தேடுகிறேன். நாலைந்து வேலைத் தளங்களில் சி.வி. போட்டதிலிருந்து என் ஜீமெயிலுக்கு ஒரு நாளைக்கு நூறு கடிதம் வருகிறது. இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்திப் பார்த்தேன், கூடினது போலத்தான் இருக்கிறது. புது ஈமெயில் திறப்பதுதான் வழியா?” காரைதீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

புது ஈமெயில் வேண்டாம் தம்பி. உங்கள் சி.வி. போன இடமெல்லாம் பழைய முகவரிதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு கம்பெனி உங்களைத் தேடினாலும் அதற்குத்தான் எழுதும்.

அன்சப்ஸ்கிரைப் விஷயத்துக்கு வருவோம். அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இவர்களுக்கு என் முகவரியை நான் கொடுத்தேனா?

கொடுத்திருந்தால், அதாவது நீங்கள் பதிந்த வேலைத் தளம், டிக்கெட் எடுத்த விமானக் கம்பெனி, சாமான் வாங்கிய ஒன்லைன் கடை என்றால், தாராளமாக அழுத்துங்கள். கடிதத்தின் அடியில் தேட வேண்டாம். மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜீமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்துங்கள். ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பரக் கடிதங்களை ஒரே அழுத்தில் நிறுத்த வழி வைக்க வேண்டும், கேட்டால் இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2024இல் கூகுள் விதி கொண்டுவந்தது. ஆகவே அழுத்திய அன்றே பலனை எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்க மெனுவில் ‘மெனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் யார் யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

கொடுக்கவில்லை என்றால் கதை வேறு. லொத்தர் விழுந்திருக்கிறது, பார்சல் தேங்கியிருக்கிறது, வங்கிக் கணக்கை மூடப்போகிறோம் என்று வருகிறவை இந்த வகை. இவர்களுக்கு உங்களைத் தெரியாது. பெயரையும் பிறந்த வருடத்தையும் விதம்விதமாகச் சேர்த்து, இருக்கிற இல்லாத முகவரிகளுக்கெல்லாம் அனுப்பிப் பார்க்கிறார்கள். வாவியில் வலை வீசுகிறவர் ஒவ்வொரு மீனையும் பார்த்தா வீசுகிறார்? இந்தக் கடிதத்துக்குள் இருக்கும் அன்சப்ஸ்கிரைப்பை நீங்கள் தொட்டால், ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறது’ என்று நீங்களே சொன்ன மாதிரி. உங்களுக்குக் கூடினதன் காரணம் இதுவாக இருக்கலாம். திறக்காமலே தெரிவுசெய்து, இது குப்பைக் கடிதம் என்று ஜீமெயிலுக்குச் சொல்லும் ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ கொடுங்கள், அவ்வளவுதான். பிளாக் பண்ணுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. நாளைக்கு வேறு முகவரியில் வருவார்கள். கடிதத்திலுள்ள படம் திறபடுவதை வைத்தும் நீங்கள் வாசித்ததை அறிய முடியும் என்பதால், செட்டிங்ஸில் படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டும்படி மாற்றிவிடுங்கள்.

இனிமேல் புதிதாக எங்கே பதிந்தாலும் ஒரு சின்ன வேலை செய்யலாம். முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால், அட் குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறியும் அந்தத் தளத்தின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் வழக்கம்போல உங்களுக்கே வரும். நாளைக்கு அந்த முகவரிக்குக் குப்பை வந்தால், உங்கள் முகவரியை விற்றது யார் என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. கெட்டிக்காரத் திருடன் அதை வெட்டிவிட்டும் அனுப்புவான். என்றாலும் நான் இதைத்தான் செய்கிறேன்.

எனக்குப் பயம் குப்பையைப் பற்றியல்ல, உங்கள் இன்டர்வியூ கடிதத்தைப் பற்றி. வடிகட்டி இறுக இறுக நல்லதும் மாட்டும். ஸ்பாம் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வேலை தேடும் காலத்தில் கிழமைக்கு இரண்டு தடவையாவது அதைத் திறந்து பாருங்கள். நல்ல கடிதம் கிடந்தால் ‘நொட் ஸ்பாம்’ கொடுத்து, அனுப்பியவரைக் கொன்டக்ட்ஸில் சேருங்கள்.

ஆனால் அங்கே கிடக்கிற ‘வேலைக் கடிதம்’ எல்லாம் வேலைக் கடிதமும் அல்ல. பெயர் பெரிய கம்பெனியாக இருக்கும். பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்த்தால் வெறும் ஜீமெயிலாக இருக்கும். விசாவுக்கு முதலில் காசு கட்டு என்றால் அதோடு விடுங்கள். முகவர் நிலையம் என்று சொன்னால், அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

நீங்கள் விண்ணப்பித்த கம்பெனிகளின் கடிதங்களை என்ன செய்ய வேண்டும் என்று ஜீமெயிலுக்குச் சொல்லிவைக்கும் ஒரு ஃபில்டர் போட்டு, ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்’ என்பதையும் தெரிவுசெய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஃபோனிலுள்ள ஜீமெயில் செயலியில் ஃபில்டர் போட முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். கல்முனையில் ஏதாவது கொமியூனிகேஷன் கடையில் இருந்து செய்வதானால், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று கொடுங்கள். வேலை முடிந்ததும் லொக் அவுட் பண்ணிவிட்டே எழும்புங்கள்.