தடுப்பூசி போட்ட 5ஆம் நாள் எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ்: நோயா, ஊசியா?

ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போட்ட பின் எடுத்த ரத்தப் பரிசோதனையில், அந்த வைரஸின் அடையாளமான எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, நோய் வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து உங்களுக்கு ஹெபடைடிஸ் பி என்று முடிவு கட்ட முடியாது. முதல் டோஸ் போட்டு 5 நாள்தான் ஆகியிருக்கிறது என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஊசியில் இருக்கும் மருந்தே எச்.பி.எஸ்.ஏ.ஜி தான்: வைரஸின் மேலுறைப் புரதம். போட்டபின் கொஞ்ச நாள் அது ரத்தத்தில் இருக்கும், பரிசோதனைக் கருவி அதைப் பிடித்துவிடும். 18 நாள் வரைகூட இப்படி வரலாம். ஊசியில் வைரஸ் இல்லை, அதனால் ஊசியால் நோய் வந்துவிட்டதோ என்ற பயம் வேண்டாம். (ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.)

செய்ய வேண்டியது:

1. 'ஆன்டி-எச்.பி.சி டோட்டல்' பாருங்கள். இது வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை (எதிர்ப்பொருளை) பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஊசியில் அந்தப் புரதம் கிடையாது. எனவே இது பாசிட்டிவ் என்றால், எப்போதோ நிஜ வைரஸ் உடம்புக்குள் வந்திருக்கிறது.

2. ஒரு மாதம் கழித்து எச்.பி.எஸ்.ஏ.ஜி மறுபடியும். இரண்டாவது டோஸுக்கு முன்பே ரத்தம் கொடுங்கள், இல்லையென்றால் அதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை: தொற்று புதிதாக இருந்தால் ஆன்டி-எச்.பி.சி சில வாரம் நெகட்டிவாகவே இருக்கும். அதனால் முதல் டெஸ்ட் நன்றாக வந்தாலும் இரண்டாவதை விடாதீர்கள், அதுவரை ரத்த தானம் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, கண் மஞ்சளாகி சிறுநீர் கருத்துப் போனாலோ ஒரு மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.