மூளை ஸ்கேன் நார்மல், ஆனால் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடச் சொல்கிறார் நரம்பு டாக்டர். ஏன்?

தொண்டியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. அம்மாவுக்கு 56 வயது. சில வாரங்களாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, டம்ளரை எடுக்கப் போனால் கை தவறிப் போகிறது. மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டர் மார்பகம், சினைப்பை, நுரையீரல் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். நடைக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம், பயமுறுத்திக் காசு பிடுங்குகிறார்களா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. டாக்டர் சரியாகத்தான் யோசிக்கிறார். அந்த ஸ்கேன்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பாம்பனில் மீன்பிடிக் குடும்பம். என் அப்பாவுக்கு வந்தது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நோய். அவரோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில் டாக்டர்களிடம் கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் இங்கே எழுதுகிறேன்.

இவற்றுக்குப் பாரானியோபிளாஸ்டிக் நரம்பு நோய்கள் என்று பெயர். புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டி எங்கோ ஓர் உறுப்பில், பெரும்பாலும் மிகச் சின்னதாக இருக்கும். அந்தக் கட்டியின் செல்கள், வழக்கமாக நரம்பு செல்லில் மட்டும் இருக்கிற சில புரதங்களைத் தாங்களும் உண்டாக்குகின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டியை அடையாளம் கண்டு தாக்கப் புறப்படுகிறது. கடத்தல் படகைத் தேடி வருகிற ரோந்துப் படகு, அதே நிறச் சாயம் அடித்த மீன்பிடிப் படகையும் சேர்த்து மடக்குவதுபோல, அதே புரதம் உள்ள நரம்பையும் தாக்கிவிடுகிறது. புற்றுநோய் வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நரம்புக் கோளாறுதான் முதலில் தெரிகிறது, புற்றுநோய் பிறகுதான் அகப்படுகிறது. அதனால்தான் மூளை ஸ்கேன் நார்மலாக இருக்கும்போதே டாக்டர் உடம்பு முழுக்கத் தேடுகிறார்.

அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து படகுகள் மறுபடி இறங்குகிற நேரம். தரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. படகில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் சும்மா இருந்ததில் கால் மரத்துவிட்டது என்றார்கள், வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். வாய் எந்நேரமும் வறண்டு கிடந்தது, மலச்சிக்கல் வேறு. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் விநோதமாக இருந்தது. கயிறு இழுக்கும்போது முதல் இழுப்பில் கையில் தெம்பே இருக்காது. நாலைந்து முறை இழுத்தபின் கொஞ்ச நேரத்துக்குப் பலம் வரும். அப்புறம் மறுபடி தளர்ந்துவிடும். மதுரையில் நரம்பு டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் அசையவில்லை. காலைப் பத்து விநாடி முழுப் பலத்தோடு நீட்டி அழுத்தச் சொல்லிவிட்டு உடனே தட்டினார், கால் துள்ளியது. நரம்பில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற டெஸ்டிலும் அதேதான் தெரிந்தது.

அந்த நோய்க்கு லாம்பர்ட்-ஈட்டன் என்று பெயர். 1956-ல் அதை விவரித்த மருத்துவர்களின் பெயர்கள் அவை. நரம்பின் முனையில் கால்சியம் நுழைய வாசல்கள் இருக்கின்றன. கால்சியம் உள்ளே போனால்தான் நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும். எதிர்ப்புச் சக்தி அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. திரும்பத் திரும்ப முயன்றால் கொஞ்சம் கால்சியம் உள்ளே சேர்ந்து தற்காலிகமாகப் பலம் வருகிறது. இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலில் சிறு செல் புற்றுநோய் இருக்கும். பெரும்பாலும் புகை பிடித்தவர்கள். அப்பா சின்ன வயதிலிருந்தே பீடி குடித்தவர்.

அவருடைய முதல் மார்பு சி.டி. ஸ்கேன் சுத்தமாக வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பெரியம்மா ஓரியூர் கோயிலுக்குப் போய் நேர்ச்சை செலுத்திவிட்டு வந்தார். ஆனால் டாக்டர் மட்டும் விடவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். அடுத்த ஸ்கேனில் நெஞ்சின் நடுவில் ஒரு நெறிகட்டி பெரிதாகியிருந்தது. அதுதான் புற்றுநோய், வேறெங்கும் பரவவில்லை. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கட்டி சுருங்கச் சுருங்கக் காலில் பலம் திரும்பியது. அமிஃபாம்ப்ரிடின் என்ற மாத்திரையும் உதவியது. கால் தளராமல் இருந்திருந்தால் மார்பை ஸ்கேன் எடுக்கும் எண்ணமே யாருக்கும் வந்திருக்காது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எனவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான். முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். டாக்டருக்குச் சந்தேகம் வலுவாக இருந்தால், உடம்பு முழுக்க ஒரே தடவையில் தேடுகிற பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 2 வருடம்வரை மறுபடி பார்ப்பதுதான் இப்போதைய வழக்கம்.

உங்கள் அம்மாவின் விஷயம் அப்பாவுடையதைவிட அவசரம். தள்ளாட்டம், குழறல், கை தவறுதல் எல்லாம் சிறுமூளையின் அறிகுறிகள். இந்த வயதுப் பெண்களுக்கு வாரக்கணக்கில் வேகமாக இப்படி ஆனால், மார்பகத்திலோ சினைப்பையிலோ ஒளிந்திருக்கும் கட்டி ஒரு காரணமாக இருக்கலாம். அதோடு சேர்ந்து வருகிற ஆன்டிபாடிக்கு, அதாவது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கி ரத்தத்தில் விடுகிற புரதத்துக்கு, யோ என்று பெயர். அப்பாவுக்குத் தாக்கப்பட்ட இடம் நரம்பின் மேற்பரப்பில் இருந்தது, அதனால் அடைப்பு நீங்கியதும் நரம்பு மீண்டது. யோ வகையில் குறிவைக்கப்படும் புரதம் செல்லுக்கு உள்ளே இருக்கிறது. எதிர்ப்புச் செல்கள் சிறுமூளையின் நரம்பு செல்களையே அழித்துவிடுகின்றன, அழிந்தவை திரும்ப வருவதில்லை. கட்டியைக் கண்டுபிடித்து எடுத்து, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்குகிற ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தால் மேலும் மோசமாகாமல் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வருத்தமான செய்திதான். ஆனாலும் தாமதத்தால் என்ன போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதேசமயம் இதுதான் என்று இப்போதே முடிவுகட்டி அழவும் வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, வைரஸ் தொற்று, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றாலும் நடை தள்ளாடும். அவற்றையும் டாக்டர் பார்ப்பார். ஆன்டிபாடி ரிசல்ட்டையும் தனியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். லேப்களில் ஒரு பட்டையில் பல ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பார்க்கிற டெஸ்டில் நோய் இல்லாமலே பாசிட்டிவ் வருவதும் உண்டு, யோவுக்கே அப்படி நடக்கிறது. அறிகுறி, முதுகுத் தண்டு நீர், ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

நம் கடற்கரைக்காரர்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றாக இருந்த இளம்பெண் சில நாளிலேயே தூக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ பின்னால் வருவதாகப் பயந்து, அப்புறம் வலிப்பு வந்து, வாய் கோணக்கோண அசைந்து, கடைசியில் பேச்சே நின்றுபோகிறாள். நம் பக்கத்தில் உடனே ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவார்கள். 2007-ல் டால்மாவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட பெண்களின் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டியையும், ரத்தத்தில், மூளை செல்லின் மேற்பரப்பில் இருக்கிற என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடியையும் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் கட்டி இருப்பதில்லை, ஆனால் இளம்பெண்களில் கணிசமானோருக்கு இருக்கிறது. இது மேற்பரப்பு வகை. கட்டியை எடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சை கொடுத்தால், மாதக்கணக்கில் ஆனாலும், ஐந்தில் நான்கு பேர் நன்றாக எழுந்துவிடுகிறார்கள். தர்காவில் துவா ஓதுவதை நான் குறை சொல்லவே மாட்டேன், என் சொந்தக்காரர்களும் போயிருக்கிறார்கள். ஆனால் 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நம் ஊர் மறக்கவில்லை. திடீரென்று புத்தி மாறிய பிள்ளைக்கு வலிப்போ காய்ச்சலோ சேர்ந்து வந்தால், அன்றைக்கே நரம்பு டாக்டரிடமும் காட்டுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மதுரைக்குப் போகும்போது எப்போது தொடங்கியது, எந்த வாரம் எது முடியாமல் போனது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மா நடப்பதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வாரம் ஒன்று போதும். எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். எடை குறைந்திருந்தால், மார்பில் கட்டி தட்டுப்பட்டிருந்தால், வயிறு உப்பியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் ஆண் டாக்டரிடம் சொல்லமாட்டார்கள், கூடவே அக்காவோ சித்தியோ போனால் நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காப்பீட்டுப் பிரிவில் காட்டி எதெல்லாம் அதில் வரும் என்று கேட்டுவிடுங்கள். ஸ்கேன் பில் கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

உங்களைப்போல இதே தேடலில் இருக்கும் யாருக்காவது லாம்பர்ட்-ஈட்டன் என்றோ, தசை சீக்கிரம் சோர்ந்துபோகிற மயஸ்தீனியா என்ற நோய் என்றோ வந்தால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் அந்தப் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்துகிற மருந்துகள் அவர்களுக்கு மிக அதிகமாக வேலை செய்து மூச்சைப் பாதிக்கும். சில ஆன்டிபயாடிக்குகளும் பலவீனத்தைக் கூட்டும், அதனால் சாதாரணச் சளிக்குக்கூட மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. அப்பாவின் சட்டைப் பையில் இப்போதும் நோயின் பெயரும் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் எழுதிய அட்டை இருக்கிறது.

அம்மாவுக்கு மார்பக ஸ்கேனும் இடுப்புப் பகுதி ஸ்கேனும் இந்த வாரமே முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதினால், என்னால் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.