புள்ளியியல் படித்தவர் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

வியாசர்பாடியிலிருந்து பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறீர்கள், சுகாதாரச் சமத்துவ ஆராய்ச்சிக்கு (வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஆரோக்கியம் ஒரே மாதிரி கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு) எம்.பி.பி.எஸ். வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உயிரிப்புள்ளியியலில் (மருத்துவ, சுகாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்) எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி. போதும். வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. இருக்கிறது.

கணக்கைவிடக் கஷ்டம், யார் கணக்கில் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான். காசிமேட்டில் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டிச் சர்க்கரை நோய் சர்வே எடுத்தால், கடலுக்குப் போன அண்ணனும் மீன் விற்கப் போன அக்காவும் விட்டுப்போவார்கள். வீட்டில் இருந்தவர்களை மட்டும் வைத்துப் போடும் சதவீதம் அந்தத் தெருவின் சதவீதம் ஆகாது. சாயங்காலம் மறுபடி போக வேண்டும். அதைத் திட்டமிடுவதும் உங்கள் வேலைதான்.

வசதியில்லாதவர்களையும் கணக்கில் எடுக்கும் ஆராய்ச்சியில் நம்ம சென்னைக்குப் பெரிய பெயர் உண்டு. சேத்துப்பட்டில் இயங்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அது நடத்திய ஆய்வு 1959இல் வெளியானது. வசதியில்லாதவர்கள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) இருப்பதற்கு இணையாகக் குணமாகிறது என்று அது காட்டியது.