களஞ்சியத்துப் பூனைகளைப் பிடித்து வேறெங்காவது விட்டால் போதாதா?

கொழும்பு புறக்கோட்டையில் அரிசி, பருப்புக் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. போதாது. பூனையைக் கூண்டில் பிடித்து, மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் பலன் தரும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். தூரத்தில் நின்று பார்த்தாலே எது சத்திரசிகிச்சை செய்த பூனை என்று தெரியும்.

காரணம் சாப்பாடு. எலியும் சிந்திய தானியமும் இருக்கும்வரை அந்த இடம் பூனையை இழுக்கும். நெரிசலான 138 பஸ்ஸில் ஒருவர் எழும்பினால் அந்த ஆசனம் எவ்வளவு நேரம் வெறுமையாக இருக்கும்? அதே கதைதான், ஒரு பூனையை அகற்றினால் இன்னொன்று வந்துவிடும். பெட்டை நாலு மாதத்திலேயே சினைப்படலாம். சுமார் 9 வாரத்தில் குட்டி. ஆகவே பெட்டைகளை முதலில் பிடியுங்கள். கூண்டுக்குள் கொஞ்சம் டின்மீன் வையுங்கள். பிடிபட்டதும் துணியால் மூடினால் அடங்கிவிடும்.

வீடு தேடிக் கொடுப்பது பெரும்பாலும் குட்டிகளுக்குத்தான் சரிவரும், அதுவும் இரண்டு மாதத்துக்குள் மனிதக் கை பழகினால். சீறுகிற கிழட்டுக் கடுவனை வெள்ளவத்தை மாடிவீட்டில் அடைத்தால் அதுக்கும் நிம்மதியில்லை, உங்களுக்கும் இல்லை.

'ஆபரேஷன் செய்த பூனை எலி பிடிக்காது' என்பார்கள். பிடிக்கும், வேட்டைக் குணம் வேறு, குட்டி போடுவது வேறு.