துப்பாக்கி வாங்கியாயிற்று, வக்கீலைப் பார்த்தாயிற்றா?

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டோடு இருக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்காகச் சமீபத்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். ஒன்றும் நடக்காத நிலையிலேயே வழக்கறிஞரைத் தேடி வைக்க வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். தேவையா? எப்படித் தேடுவது?

பதில்:

தேவை. நம்பரை போனில் சேமித்து வைப்பதற்காக மட்டும் இல்லை. அந்த வக்கீலோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதற்காக. அந்த ஒரு மணி நேரப் பேச்சு முன்னாலேயே நடந்திருந்தால், எங்கள் குடும்பம் பதினோரு மாதம் தூக்கமில்லாமல் கிடந்திருக்காது.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் என் மச்சினன் வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால், இரவு பன்னிரண்டரை இருக்கும், டிரைவ்வேயில் சென்சார் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் யாரோ ஒருவன் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கராஜின் பக்கவாட்டுக் கதவை நோக்கிப் போகிறான். அதற்கு முந்தைய வாரம்தான் அந்தத் தெருவில் ஒரு காரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகைக்குழாயில் இருக்கும் விலை உயர்ந்த பாகம்) அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மச்சினன் துப்பாக்கியோடு வெளியே வந்து, நீட்டி, கத்தினான். அந்தப் பையன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். கீழே கிடந்தது ஒரு காகிதப் பை. உள்ளே இருந்த குளிர்பானம் உடைந்து கான்கிரீட்டில் வழிந்துகொண்டிருந்தது. உணவு கொண்டுவந்த டெலிவரி பையன், வீடு மாறி வந்துவிட்டான்.

முதலில் அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட்டது அந்தப் பையன்தான். இதை நன்றாகக் கவனியுங்கள். போலீஸ் வரும்போது அவர்கள் காதில் ஏற்கெனவே ஒரு கதை விழுந்திருந்தது. அதில் துப்பாக்கி வைத்திருந்தவன் என் மச்சினன். அவன் படித்தவன், மரியாதையான பையன், அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவன். நம் எல்லோரையும் போலத்தான். வாசலில் நின்று இருபது நிமிஷம் பேசினான். "சுடும் எண்ணமே எனக்கு இல்லை, சும்மா பயமுறுத்தத்தான் நீட்டினேன்" என்று நான்கைந்து தடவை சொல்லியிருக்கிறான். தன்னைக் காப்பாற்றும் வாக்கியம் என்று நினைத்தான். நீட்டியதை அவனே ஒப்புக்கொண்டாயிற்று. உயிருக்கு ஆபத்து என்று அவன் நினைக்கவே இல்லை என்று வாதிடவும் இடம் கொடுத்தாயிற்று. இரண்டும் போலீஸ்காரர் உடம்பில் மாட்டியிருக்கும் கேமராவில் பதிவாகிவிட்டன.

"டெட்லி காண்டக்ட்", அதாவது உயிருக்கு ஆபத்தான நடத்தை, என்று வழக்குப் போட்டார்கள். துப்பாக்கியை ஒருவர்மேல் தெரிந்தே நீட்டினாலே அசட்டையாக ஆபத்து விளைவித்ததாக டெக்சாஸ் சட்டம் அனுமானிக்கிறது, அதில் குண்டு இல்லை என்று நீட்டியவர் நினைத்திருந்தாலும். ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். அதோடு நின்றதே அதிர்ஷ்டம் என்று பிறகு தெரிந்தது. ஆயுதத்தோடு கூடிய தாக்குதல் என்று எழுதியிருந்தால் 2 முதல் 20 ஆண்டு வரை போகும்.

ராத்திரி இரண்டரைக்கு அவன் மனைவி எனக்கு போன் செய்தாள். "அண்ணா, இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, லாயர் யாராவது தெரியுமா?" எனக்குத் தெரிந்த வக்கீல்கள் இரண்டே பேர். ஒருவர் வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்தவர், இன்னொருவர் விசா பார்த்தவர். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூகுளில் தேடினால் முதல் பக்கம் முழுக்க விளம்பரம். எந்த நம்பரை முதலில் எடுத்தார்களோ அவருக்கே கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டினோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, "நல்ல டீல் ஒன்று வந்திருக்கிறது, டெஃபர்டு அட்ஜுடிகேஷன், ஒழுங்காக இருந்தால் தண்டனையே பதிவாகாது, கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல டீல்தான். கிரீன் கார்டுக்காரருக்கு அது குழி. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டால், மாநிலச் சட்டம் அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனைதான். நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். விசா பார்த்த வக்கீல் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினோம். "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்றார். வக்கீலை மாற்றினோம், பணம் இரண்டாவது முறை போனது, பதினோராவது மாதம் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்ததில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கிரீன் கார்டோடு இங்கே வாழ்ந்த, வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒருவருக்கு, "இவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், குடியேற்றப் பிரச்சினையெல்லாம் வராது" என்று அவருடைய வக்கீலே தவறாகச் சொல்லிவிட்டார். அது கஞ்சா கடத்தல் வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடு கடத்தும் நிலை வந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் படில்லா வழக்கில், குற்றவியல் வக்கீல் இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது. ராத்திரி இரண்டரைக்குக் கிடைக்கும் வக்கீல் அதை நினைவில் வைத்திருப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் உங்களிடம் என் முதல் வேண்டுகோள்: நீங்கள் தேடுகிற ஆள் குற்றவியல் வழக்கு நடத்துபவராகவும், குடியேற்ற வக்கீல் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்து பழகியவராகவும் இருக்க வேண்டும்.

சரி, எப்படித் தேடுவது? நான் எனக்காகத் தேடியபோது மிகவும் உதவியது எங்கள் விசா வக்கீல் அம்மாதான். "உங்கள் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். மூன்று பெயர் சொன்னார். துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவரிடமும் கேட்டேன், அவர் சொன்னதில் ஒரு பெயர் ஒத்துப்போனது. ஒவ்வொரு பெயரையும் டெக்சாஸ் ஸ்டேட் பார் (மாநில வழக்கறிஞர் சங்கம்) தளத்தில் போட்டுப் பார்த்தேன். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று அங்கே தெரியும். குற்றவியலில் போர்டு சர்டிஃபிகேஷன் வாங்கியவரா என்பதையும் பாருங்கள். அது தேர்வு எழுதி, அனுபவம் காட்டி வாங்குவது. நேரம் இருந்தால் ஒரு நாள் காலை கவுண்டி நீதிமன்றத்தில் பின் வரிசையில் போய் உட்காருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். யார் கோப்பைப் படித்துவிட்டு வருகிறார், யார் நடைபாதையில் நின்று கட்சிக்காரரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன். முதலாமவர் துப்பாக்கி உரிமை அரசியலைப் பற்றியே பேசினார், என் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டாமவருக்கு இரவில் போன் செய்தால் ஆன்சரிங் சர்வீஸ்தான் எடுக்கும், காலை ஒன்பதுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார். மூன்றாமவர் முன்பு அரசு வழக்கறிஞராக இருந்த ஒரு பெண்மணி. ஒரு மணி நேரத்துக்கு 250 டாலர். உட்கார்ந்ததும் மஞ்சள் நோட்டை எடுத்து, "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றார். வாசல், படுக்கையறை, பிள்ளைகள் தூங்கும் அறை எல்லாம் வரைந்தேன். அடுத்த கேள்வி, "இந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?" திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பா அம்மா என்றேன். "துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி எங்கே?" அப்பாவுக்கும் தெரியும், துப்பாக்கியை ஒரு நாள் கையில் வாங்கிப் பார்த்தார் என்று சாதாரணமாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விசிட்டர் விசா, எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சாவி கையில் இருந்தாலே கைவசம் இருப்பதாகக் கொள்ள இடம் இருக்கிறது. தண்டனை 15 ஆண்டு வரை. ஃப்ளோரிடாவில் அமீரகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர், படிப்பு நின்று விசா தகுதி போன பிறகு, பயிற்சிக் களத்தில் போய்ச் சுட்டதற்கே வழக்கில் மாட்டினார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல்தான் அவருக்குச் சாதகமாகத் திரும்பியது. எச்-1பி நண்பர்களை வார இறுதியில் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போவது நம்மவர்களிடையே சகஜம். தயவுசெய்து வக்கீலிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அன்று சாயங்காலமே பெட்டகத்தின் சாவியை இடம் மாற்றினேன். அப்பாவிடம் காரணத்தைச் சொன்னபோது, "ஊரா இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கவே செருப்பு தேஞ்சிடும், இங்க கடையில விக்கிறானேன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டை வரையச் சொன்ன அந்த வக்கீல் அம்மா உடைத்த இன்னொரு நம்பிக்கை, "டெக்சாஸில் ராத்திரி திருட வந்தால் சுடலாம்" என்பது. சொத்தைக் காக்க உயிர்ப்பலி வாங்கும் பலத்தைப் பயன்படுத்த டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9.42 என்ற பிரிவு இடம் கொடுப்பது உண்மை. ஆனால் அதோடு நிபந்தனைகள் சங்கிலியாக வருகின்றன. வேறு வழியில் அந்தச் சொத்தைக் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது குறைந்த பலத்தைப் பயன்படுத்தினால் நமக்கே பெரிய ஆபத்து வந்திருக்கும் என்று நாம் நம்பியது நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமா இல்லையா என்று முடிவு செய்வது நாம் இல்லை. பெரிய குற்றச்சாட்டு என்றால் முதலில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு. 12 பேரில் 9 பேர் சரி என்றால் வழக்கு பதிவாகிவிடும். அந்த 12 பேருக்கு முன்னால் உங்கள் தரப்புக் காகிதங்கள் போய்ச் சேர வழி இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த வக்கீலா என்று கட்டாயம் கேளுங்கள். "தற்காப்பு வழக்கை ஜூரி வரை நடத்தியிருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள்.

அப்புறம், பேச்சு. 911 பதிவாகும், அதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுவார்கள் என்று தெரிந்து பேச வேண்டும். பெயர், முகவரி, தாக்கப்பட்டேன், போலீஸும் ஆம்புலன்சும் வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் வந்ததும் தாக்கியவன் யார், ஆதாரம் எங்கே கிடக்கிறது, யார் பார்த்தார்கள் என்று காட்டிவிட்டு, மீதியை வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். போதாது. ஹூஸ்டனில் நடந்த ஒரு கொலை விசாரணையில், கைதாகாமல் தானாகவே போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், தோட்டா பற்றிய ஒரு கேள்விக்கு மட்டும் மௌனமானார். அந்த மௌனத்தையே அவருக்கு எதிராக வாதிட்டார்கள். 2013-இல் சலினாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1994-இல் டேவிஸ் வழக்கில் ஒருவர் "மேபி ஐ ஷுட் டாக் டு எ லாயர்" (வக்கீலிடம் பேச வேண்டுமோ என்னவோ) என்றார். அது தெளிவான கோரிக்கை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இது மிகவும் முக்கியம். பணிவாகப் பேசுகிறோம் என்று "மேபி", "இஃப் பாசிபிள்" எல்லாம் சேர்த்துத்தான் நாம் ஆங்கிலம் பேசுவோம். அந்த அம்மா என்னை அங்கேயே மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்: "ஐ வில் நாட் ஆன்சர் கொஸ்டின்ஸ். ஐ வாண்ட் மை லாயர்." கூச்சமாக இருந்தது. மூன்றாவது தடவை குரல் சரியாக வந்தது.

மாதாமாதம் பணம் கட்டும் தற்காப்புச் சட்டத் திட்டங்கள் பற்றியும் கேட்பீர்கள். சேரலாம், ஆனால் ஒப்பந்தத்தை உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுச் சேருங்கள். வக்கீலை நீங்கள் தேர்ந்தெடுக்கலாமா, பணத்தை முன்னாலேயே தருவார்களா அல்லது வழக்கில் ஜெயித்த பிறகா, ஜாமீன் செலவு உண்டா, தோற்றால் திருப்பிக் கேட்பார்களா என்று பார்க்க வேண்டும். சில மாநிலங்களில் இவை செல்லாமல் போகலாம். தேசிய ரைஃபிள் சங்கம் 2017-இல் தொடங்கிய கேரி கார்டு என்ற காப்பீட்டை நியூயார்க் மாநிலம் சட்டவிரோதம் என்று நிறுத்தியது.

காரில் வேறு மாநிலம் போனால் உங்கள் வக்கீலுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள். பென்சில்வேனியாவில் முறையாக உரிமம் வாங்கிய ஓர் இளம் தாய், 2013-இல் நியூஜெர்சிக்குள் வண்டியை ஓட்டிப் போய், சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்று நேர்மையாகச் சொன்னார். நியூஜெர்சியில் அந்த உரிமம் செல்லாது. கட்டாயச் சிறைத் தண்டனை வரும் நிலை வந்து, 2015-இல் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்துத்தான் முடிந்தது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். கைதானவரின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், நம்பர் அதற்குள் இருந்து பயனில்லை. வெளியில் இருந்து வக்கீலைக் கூப்பிடப் போவது கூட வந்த கணவரோ மனைவியோதான். எங்கள் வீட்டில் அந்த நம்பர் சமையலறையில் மளிகை அலமாரிக் கதவின் உட்பக்கம், வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறது. என் மனைவிக்கு மனப்பாடம். எனக்கும் பத்து இலக்கமும் வரும். மச்சினன் குடியுரிமை வாங்கிய பிறகும் அந்த நம்பரை மாற்றவில்லை. அவன் வீட்டு அலமாரியிலும் அதே டேப்தான் ஒட்டியிருக்கிறது.